கலந்த பிளாஸ்டிக் ஏன் தோலுரிகிறது?

எங்கள் கிணற்றடியில் கிடந்த சிவப்பு வாளியின் காது போன மாதம் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வாங்கி ஆறு மாதம்கூட இல்லை. வாளி உடைவது ஒரு புதினமா என்று கேட்பீர்கள். உடைந்த வாயைப் பார்த்த பிறகு எனக்கு அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. நல்ல பிளாஸ்டிக் உடைந்தால் வாய் ஒரே சீராக இருக்கும், இல்லாவிட்டால் இழுபட்டு வெளுத்திருக்கும். இது வெங்காயம் மாதிரி இருந்தது. நகத்தை விட்டுக் கிண்டியபோது ஒரு தோல் உரிந்தது, அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே மற்றொன்று. நகம் நொந்ததுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன்; வாளி எப்படிப் பிறந்தது என்பதும் விளங்கிவிட்டது. பல சாதிப் பிளாஸ்டிக்கை ஒரே சூட்டில் உருக்கி, ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள்.

பழைய பிளாஸ்டிக்கை மீண்டும் உருக்குவதில் தப்பில்லை, செய்யத்தான் வேண்டும். கிழக்கிலங்கையில் அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று சாகும் செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் என்று அப்போது எழுதினார்கள். குப்பைமேட்டுக்குப் போவதை வாளியாக்கினால் நல்லதுதானே? ஆனால் வாளி ஆறு மாதத்தில் காது கழன்று திரும்பவும் அதே மேட்டுக்குப் போனால் என்ன பயன்? உருக்கிக் கலக்குவது ஒரு வேலை. கலந்ததை ஒட்டவைப்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

குழல் பிட்டைத் தட்டில் தள்ளிவிட்டுப் பாருங்கள். அது எங்கே உடைகிறது? மாவுக்கு நடுவில் உடைவதில்லை, தேங்காய்ப்பூ போட்ட இடத்தில் உடைகிறது. மா நன்றாக அவிந்திருக்கும், தேங்காய்ப்பூவிலும் குறை இருக்காது. இரண்டும் சந்திக்கிற கோடுதான் விட்டுக்கொடுக்கிறது. வாளியின் காதிலும் அதே கதை, கோடுகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னவை, எண்ணிக்கையில் கோடிக்கணக்கானவை.

சரி, உருகிய நிலையில் இரண்டு திரவங்கள்தானே, ஏன் கலக்காது? தேத்தண்ணியில் சீனி கரைகிறதே? சீனி சின்ன மூலக்கூறு. அங்குமிங்கும் சிதறுவதால் கிடைக்கும் ஒழுங்கின்மை அதைக் கரையவைப்பதில் பெரிதும் உதவுகிறது. பொலிமர் அப்படியல்ல. பள்ளிக்கூடப் புத்தகம் அதைப் பல்பகுதியம் என்கிறது, பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலி. ஒரு கண்ணி எங்கே போனாலும் மற்றவையும் கூடவே போகவேண்டும். ஆகவே சிதறுவதால் கிடைக்கும் இலாபம் மிகச் சொற்பம். 1940களின் தொடக்கத்தில் போல் புளோரியும் மொரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே இந்தக் கணக்கைப் போட்டார்கள். புளோரிக்கு 1974இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கணக்கை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: இரண்டு சாதிக் கண்ணிகளுக்கும் இடையிலான வெறுப்பை ஒரு எண்ணாக எழுதுங்கள். சம நீளச் சங்கிலிகளைப் பாதிக்குப் பாதி கலக்கும்போது, அந்த எண் 2ஐக் கண்ணிகளின் தொகையால் வகுத்த பெறுமானத்தைத் தாண்டினால் போதும், இரண்டும் பிரிந்துவிடும். சங்கிலிக்கு 1000 கண்ணி என்றால் அந்த எல்லை 0.002. அவ்வளவு சின்ன வெறுப்பைத் தாங்கக்கூட அவற்றுக்குப் பொறுமையில்லை.

நாம் தினமும் கையாளும் இரண்டைப் பாருங்கள். ஷொப்பிங் பேக் பொலித்தீன். கதிரை பொலிபுரோப்பிலீன். இரண்டும் காபனும் ஐதரசனும் மட்டுமே. பொலிபுரோப்பிலீன் சங்கிலியில் ஒன்றுவிட்ட ஒரு காபனில் ஒரு சின்ன மெதயில் கிளை தொங்குகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஆனாலும் உருக்கிக் கலக்கினால் ஒன்று மற்றதற்குள் துளித்துளியாக நிற்கும். பொலிபுரோப்பிலீன் 165 பாகை செல்சியஸ் அளவில் உருகும், அடர் பொலித்தீன் 130 அளவில் உருகும். ஆறும்போது ஒவ்வொன்றும் தன் பாட்டில் பளிங்காக அடுக்கி, தன் பாட்டில் சுருங்கும். கோடு இன்னும் பலவீனமாகும்.

இப்படிக் கலக்காத கலவைக்குள் நடப்பதைத் தேங்காய்ப்பாலில் பார்க்கலாம். பிழிந்த பாலைக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே கொழுப்புத் திரண்டு நிற்கும். பால் பாலாக இருக்கும்வரை அந்தக் கொழுப்புத் துளிகளைச் சுற்றி மெல்லிய புரதத் தோல் ஒன்று காவலுக்கு நிற்கிறது. அது விட்டுப்போனால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். உருகிய பிளாஸ்டிக்கிலும் துளிகள் சேர்ந்து பருக்கும். அச்சுக்குள் அமுக்கித் தள்ளும்போது அந்தப் பருத்த துளிகள் நசுங்கித் தகடாகும். என் வாளியில் உரிந்த தோல்கள் அந்தத் தகடுகள்தான்.

தேங்காய்ப்பாலில் புரதம் செய்யும் வேலையைப் பிளாஸ்டிக்கில் செய்யும் பொருளுக்குத் தமிழில் நிலைத்த பெயரில்லை. தொழிலில் கம்பாட்டிபிலைசர் என்பார்கள். நான் இணக்கி என்று சொல்லப்போகிறேன். பாதி உடம்பு ஒரு பிளாஸ்டிக்குக்குச் சொந்தம், மறுபாதி மற்றதுக்குச் சொந்தம். இரண்டு வீட்டுக்கும் உறவான ஆள் மாதிரி அது கோட்டின் மேல் போய்க் குந்திக்கொள்ளும். இதனால் துளி உடையச் செலவாகும் சக்தி குறைந்து துளிகள் பொடியாகின்றன. பத்து இருபது மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன்) இருந்தது ஒரு மைக்ரோனுக்கும் கீழே போகலாம். பொடியானவை திரும்பச் சேராமல் அது தடுக்கவும் செய்கிறது. ஆனால் நான் பெரிதாக மதிப்பது மூன்றாவது வேலையை. இணக்கியின் இரண்டு பாதிகளும் இரு பக்கச் சங்கிலிகளோடும் சிக்கி, கோட்டை நூல்போட்டுத் தைத்துவிடுகின்றன. முதல் இரண்டும் நடந்து மூன்றாவது நடக்காவிட்டால் துளி பொடியாக இருக்கும், பொருளோ முன்போலவே படக்கென்று உடையும்.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2017இல் சயன்ஸ் இதழில் வந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோட்ஸ், மினசோட்டாவில் பிராங்க் பேட்ஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து, பொலித்தீன் துண்டும் பொலிபுரோப்பிலீன் துண்டும் மாறிமாறி வரும் நான்கு துண்டுச் சங்கிலி ஒன்றைச் செய்தார்கள். அதில் 1 வீதம் சேர்த்ததற்கே, இழுத்தவுடன் உடைந்துகொண்டிருந்த கலவை தன் நீளத்தைப் போலப் பல மடங்கு இழுபட்டது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பரிசோதனை. ஒரு பொலித்தீன் தகட்டையும் ஒரு பொலிபுரோப்பிலீன் தகட்டையும் எடுத்து, இடையில் இந்த இணக்கியை மெல்லிய படலமாக வைத்து அழுத்தி, பிறகு உரித்துப் பார்த்தார்கள். துண்டுகள் கட்டையாக இருந்த சங்கிலி இலகுவில் உரிந்துவிட்டது. நீளத் துண்டுள்ள சங்கிலியோ உரிய மறுத்தது. கோடு தாங்கி நிற்க, பொலித்தீன் தகடே முதலில் கிழிந்தது. தையலுக்கு நூல் இருந்தால் மட்டும் காணாது, துணிக்குள் ஆழமாகப் போய்வரும் நீளமும் வேண்டும்.

அந்த நான்கு துண்டுச் சங்கிலி கடையில் வாங்கும் சாமான் அல்ல. தொழிற்சாலைகள் பெரும்பாலும் எடுப்பது வேறு வழி: இணக்கியை இயந்திரத்துக்குள்ளேயே பிறக்கவிடுவது. பொலிபுரோப்பிலீன் சங்கிலியில் மலேயிக் அன்ஹைட்ரைட் என்னும் சின்ன மூலக்கூறை அங்கங்கே ஒட்டிவிடுவார்கள். ஒரு வீதத்தை ஒட்டிய அளவுதான் ஒட்டும். தனியே பார்த்தால் அது சாதாரணப் பொலிபுரோப்பிலீன் போலத்தான் இருக்கும். நைலோனோடு சேர்த்து உருக்கும்போது வேலை தொடங்கும். நைலோன் சங்கிலியின் நுனியில் இருக்கும் அமைன் என்னும் அணுக் கூட்டம் இந்த அன்ஹைட்ரைட்டைக் கண்டால் விடாது, நிமிடக் கணக்கில் பிணைந்துவிடும். அப்படிப் பிணைந்த சங்கிலியின் ஒரு கை நைலோனில், மறு கை பொலிபுரோப்பிலீனில். அதுவே இணக்கி.

இதை நம் கரையோரத்தோடு பொருத்திப் பாருங்கள். கழித்துப் போடும் மீன்வலை நைலோன். அதன் கயிறு பெரும்பாலும் பொலித்தீன் அல்லது பொலிபுரோப்பிலீன். வாவிக்கரையில் இரண்டும் ஒரே சிக்காகக் கிடக்கும், யாரும் இருந்து பிரித்தெடுக்கப் போவதில்லை. நைலோன் 6 உருக 220 பாகை வேண்டும். பொலித்தீனுக்கு வைக்கும் சூட்டில் அது உருகாமல் கட்டிகட்டியாக நிற்கும், ஒவ்வொரு கட்டியும் ஒரு வெடிப்பின் வித்து. சூட்டைக் கூட்டினால் உருகும், ஆனால் கயிற்றோடு ஒட்டாது. சூட்டோடு அன்ஹைட்ரைட் ஒட்டிய பிளாஸ்டிக் சில வீதமும் சேர்த்தால்தான் அந்தச் சிக்கு ஒரு பொருளாகும். இதில் இணக்கியால் திருத்த முடியாதவையும் உண்டு: வலையில் ஒட்டிய மணல், உப்பு, காய்ந்த பாசி. மருந்துக்கும் பத்தியம் வேண்டும்.

கோட்டைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர், வாழைச்சேனையில் பைபர் போட் திருத்தும் ஒரு மாமா. போட்டின் அணியத்தில் கை அகலத்துக்கு வீங்கியிருந்த இடத்தைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, உளியால் கீறித் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளைக் கண்ணாடி நார் கொத்தாக, நனைந்து, அறாமல் கிடந்தது. “நார் அறுகல்ல மனே, ஒட்டு விட்டிட்டு” என்றார். பிறகு அவர் செய்ததில் முக்கால்வாசி நேரம் சுரண்டல்தான். பழைய பரப்பின் மினுக்கம் போகும்வரை தேய்த்தார், துடைத்தார், காயவிட்டார், திரும்பத் தேய்த்தார். புது மாட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு, விரித்துப் பசை பூசியது கடைசிக் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பைபர் போட் என்பது பொலியெஸ்டர் பசைக்குள் கண்ணாடி நார். பசை தனியே நொறுங்கும், நார் தனியே துவளும். நாரின் பலம் போட்டுக்குக் கிடைக்கவேண்டுமானால், அலை அடிக்கும்போது பசை வாங்கும் விசை கோட்டைத் தாண்டி நாருக்குள் போகவேண்டும். கண்ணாடிக்கும் பசைக்கும் இயல்பில் ஒட்டில்லை. ஆகவே நாரைச் செய்யும்போதே சிலேன் என்னும் பொருளைப் பூசிவிடுகிறார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறு முனை பசையைப் பிடிக்கும். இணக்கி செய்யும் அதே தரகு வேலைதான். வருடக்கணக்கில் தண்ணீர் ஊறி அந்தப் பிடி விட்டுப்போனால் வருவதுதான் மாமா தட்டிப் பார்த்த வீக்கம்.

நாரைப் பற்றிப் பேசியதில் நிரப்பிகளுக்கு வந்துவிட்டோம். பிளாஸ்டிக்குக்குள் போடும் தூள், நார், தகடு எல்லாவற்றுக்கும் பொதுவாக நிரப்பி என்று பெயர். பெயரைக் கேட்டால் இடத்தை நிரப்பிக் காசு மிச்சம் பிடிக்கும் தந்திரம் போலத் தோன்றும். பாதி உண்மை. பிளாஸ்டிக் கதிரைகளில் போடும் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல் தூள், பெரும்பாலும் விலைக்காகத்தான். கதிரை கொஞ்சம் விறைப்பாகும், அச்சில் சீக்கிரம் ஆறும். அளவு கூடினால் இழுவைப் பலமும் அடிதாங்கும் குணமும் குறையும்.

இங்கே நம் சனங்களிடம் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. கடையில் கதிரையைத் தூக்கிப் பார்த்து, “பாரமா இருக்கு, நல்ல சாமான்” என்று வாங்குவார்கள். பொலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.9. சுண்ணாம்புக்கல் தூளின் அடர்த்தி 2.7. ஒரே அச்சில் வார்த்த கதிரை தனிப் பிளாஸ்டிக்கில் இரண்டு கிலோ என்றால், எடையில் 40 வீதம் தூள் போட்டது ஏறக்குறைய 2.7 கிலோ வரும். நீங்கள் கையில் உணர்ந்த அந்தப் பாரம் சுண்ணாம்பின் பாரம். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். உடைந்த கதிரையிலிருந்து ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் தூள் சுமார் 15 வீதத்துக்குள் இருக்கிறது, தாண்டினால் அமிழும். (குமிழி இல்லாத துண்டாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும். உப்புத் தண்ணீரும் வேண்டாம்.) புதுக் கதிரையோடு கடையில் இதைச் செய்யமுடியாது என்பது எனக்கும் தெரியும்.

விலையை மறந்துவிட்டுக் குணத்துக்காகவே போடும் நிரப்பிகளும் நிறைய. டயர் கறுப்பாக இருப்பது அழகுக்கு அல்ல. காபன் பிளாக் என்னும் கரித்தூளின் பொடி நனோமீற்றர் அளவுக்கு நுணுக்கமானது, இறப்பர்ச் சங்கிலி அதன் பரப்பில் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அது இல்லாத டயர் நம் தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்து போகும். கறுப்புப் பொலித்தீன் தண்ணீர்க் குழாயிலும் அதே கரி 2 முதல் 2.5 வீதம் இருக்கிறது, அங்கே அதன் வேலை வெயிலை விழுங்குவது. கார் பம்பரில் பொலிபுரோப்பிலீனுக்குள் இறப்பர்த் துளியும் டல்க் என்னும் மென்கல் தகடும் சேர்ந்திருக்கும்: இறப்பர் அடியை வாங்கும், டல்க் விறைப்பைக் கொடுக்கும். களிமண்ணின் கதை இன்னும் வியப்பு. 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில் டொயோட்டா ஆய்வுகூடத்தார் நைலோன் 6இல் 5 வீதத்துக்கும் குறைவான களியை, அதன் தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரியும்படி கலந்தார்கள். பாரம் ஏற்றியபோது 65 பாகையில் வளையத் தொடங்கிய நைலோன் 150 பாகை தாண்டும்வரை நின்றது. கட்டியாகக் கிடந்தால் அதே களி வெறும் மண். பிரிந்து பரவினால்தான் நைலோன் தொடுவதற்கு அத்தனை பரப்பு கிடைக்கும்.

எல்லா நிரப்பியும் எப்போதும் இறுக்கமாக ஒட்டியே இருக்கவேண்டும் என்றும் இல்லை. சுண்ணாம்புத் தூளின் மேல் ஸ்டீயரிக் அமிலம் பூசுவது வழக்கம். அது தூளைக் கட்டிபடாமல் காக்கும், ஆனால் பிளாஸ்டிக்கோடு ஒட்டைக் குறைக்கும். நல்ல நுணுக்கமான தூளாக இருந்தால், அடி விழும்போது ஒவ்வொரு பொடியும் தன் கூட்டிலிருந்து கழன்று நுண்ணிய வெற்றிடம் விடும். அந்த வெற்றிடங்களுக்கு இடையிலுள்ள பிளாஸ்டிக் இழுபட்டு அடியின் சக்தியைத் தின்றுவிடுவதால் பொருள் உடையாமல் தப்பும். கதிரைக் காலை மடித்தால் வெள்ளையாகும் இடம் பெரும்பாலும் அந்த வெற்றிடங்கள்தான். நாருக்கு இறுக்கம், தூளுக்குச் சில வேளை நெகிழ்வு. எதைப் போடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் கோட்டுக்கு மருந்து.

இரண்டு பிளாஸ்டிக் கலவைக்குள் நிரப்பியையும் போட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகும். நிரப்பி நடுநிலை வகிப்பதில்லை. தனக்குப் பிடித்த பிளாஸ்டிக்குக்குள் போய்விடும். இரண்டுக்கும் சமமாகப் பிடித்தால் கோட்டில் நிற்கும். கோட்டில் நிற்கும் நுண் தூள் துளிகளைச் சுற்றி வேலிபோட்டு அவை ஒன்றுசேராமல் தடுக்கிறது. இது இணக்கியின் வேலையில் பாதி. துளியைப் பொடியாக வைத்திருக்கும், ஆனால் தைக்காது. நிரப்பி மலிவு, இணக்கி விலை. ஆகவே நிரப்பியை மட்டும் போட்டு ஒப்பேற்றப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். துளி சின்னதாகிப் பொருள் விறைத்ததும் காரியம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். முறித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

கடைசியாக உமி. எனக்கு இதை எழுதவேண்டும் என்று தோன்றியதே சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைகளின் பின்னால் மலையாகக் கிடக்கும் உமியைப் பார்த்துத்தான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. கொஞ்சம் நெல் அவிக்க எரிகிறது, கொஞ்சம் செங்கல் சூளைக்குப் போகிறது, மிச்சம் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுக் காயவைத்த உடுப்பில் படிகிறது. பெரும்போகமும் சிறுபோகமும் விளையும் மாவட்டத்தில் இது தீராத நிரப்பி. உமியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் 90 வீதத்தை ஒட்டியது சிலிக்கா. ஆக 1000 கிலோ நெல்லுக்குள் 35 கிலோ அளவு சிலிக்கா ஒளிந்திருக்கிறது. 700 பாகைக்குக் கீழே பக்குவமாக எரித்தால் அது பளிங்காகாத நுண்ணிய சிலிக்காவாக வரும், இறப்பருக்கு நல்ல நிரப்பி. சூடு மிஞ்சினால் பளிங்காகிவிடும். அந்தத் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு.

எரிக்காமல் அரைத்து, உமிமாவாகவே பொலிபுரோப்பிலீனில் கலந்து பலகை செய்யவும் முடியும். ஒரு உமியை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் அரம் போலச் சொரசொரக்கும், உள்பக்கம் வழுக்கும். வெளித்தோலில்தான் சிலிக்கா குவிந்திருக்கிறது, கூடவே மெழுகும். மற்றபடி உமி செலுலோசு, தண்ணீரை விரும்பும் சாதி. பொலிபுரோப்பிலீன் எண்ணெய்ச் சாதி. சும்மா கலந்தால் நம் பிட்டுக் கதைதான். முன்பு நைலோனைப் பிடித்த அதே அன்ஹைட்ரைட், செலுலோசின் ஐதரொட்சில் கூட்டங்களையும் பிடிக்கும். அன்ஹைட்ரைட் ஒட்டிய பொலிபுரோப்பிலீன் 2 முதல் 5 வீதம் சேர்த்தால் பலகையின் பலம் கூடும், தண்ணீர் உறிஞ்சுவது குறையும். அதற்கு மேல் கொட்டினால் நன்மையில்லை. அந்தச் சங்கிலிகள் கட்டையானவை, மிஞ்சினவை கோட்டுக்கு வராமல் பலகைக்குள் அலைந்து அதையே மெலியவைக்கும்.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைக் கையில் எடுத்தால், முதலில் பார்க்கவேண்டியது இணக்கியின் விலையை அல்ல, உமியின் ஈரத்தை. 200 பாகைக்கு மேலே போனால் செலுலோசு கருகும், ஆகவே சூட்டைக் கூட்டி ஈரத்தை விரட்ட வழியில்லை. முன்கூட்டியே 100 பாகைச் சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, ஆறும்போது காற்றுப் படாமல் மூடி வைக்கவேண்டும். மார்கழி மழையில் ஆலைக்குப் பின்னால் சாக்கில் கிடந்த உமியை அப்படியே இயந்திரத்தில் கொட்டினால், ஈரம் உள்ளே நீராவியாகப் பொங்கும். அச்சைத் திறக்கும்போது பலகை பணிஸ் மாதிரி ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும்.